மாப்பிள்ளையின் காது

அன்புக்கரசியைச் சாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோயமுத்தூர் கணபதியில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து, கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழைய போட்டோ லென்ஸ்களைக் கழற்றிப் பூட்டுகிற அந்தப் பெண்ணைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். வாங்க என்பாள், உட்காருங்க என்பாள், டீ சொல்லட்டுங்களா என்பாள். ஆனால் ஒருவன்மேல் கறுவிக்கொண்டாள் என்றால் வருஷக்கணக்கில் சூடு ஆறாமல் வைத்திருக்கத் தெரிந்தவள். கேட்டால் அவளே ஒப்புக்கொள்வாள், அதுவும் கொஞ்சம் பெருமையாக.

சொந்த ஊர் காரமடைக்குப் பக்கம். அப்பா மயில்சாமியும் அம்மா பழனியாத்தாளும் பாலுசாமி என்பவருடைய வாழைத்தோட்டத்தில் வேலை செய்தே காலத்தை ஓட்டியவர்கள். தோட்டத்து வீடு ஊருக்கு ஒரு பக்கம், இவர்கள் இருந்த காலனி மறுபக்கம். மகளைப் படிக்க வைத்துவிட வேண்டும் என்று பழனியாத்தாள் ஒற்றைக்காலில் நின்றதால், பீளமேட்டில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தாள். முடித்தவளுக்கு மோட்டார் கம்பெனியில் வேலை கிடைக்கவில்லை. கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு ஸ்டுடியோவில் கிடைத்தது. அங்கே பிலிம் காலத்து லென்ஸ்கள் ஒரு பீரோ நிறையப் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. ஒருநாள் சும்மா ஒன்றைத் துடைத்து, புது கேமராவில் மாட்டிப் பார்த்தாள். கடைக்கு எதிரே உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பூக்கார அம்மாளின் முகம் திரையில் வந்த அழகைப் பார்த்ததும் இவள் வேறு வேலைக்கு ஆகமாட்டாள் என்பது முடிவாகிவிட்டது.

போட்டோ லென்ஸை அப்படியே வைத்துச் சினிமா எடுக்க முடியாது. போட்டோவுக்கு ஒரு நொடி போதும். சினிமாவில் ஆள் நடந்துகொண்டே இருப்பான், ஃபோகஸும் அவன் கூடவே நடக்க வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற வளையம் போட்டோ லென்ஸில் டக் டக்கென்று நின்று நின்றுதான் திரும்பும். உள்ளே கடுகளவு ஓர் இரும்புக் குண்டு உட்கார்ந்திருக்கிறது, அதன் வேலை. அதை எடுத்துவிட்டால் வளையம் வழுக்கிக்கொண்டு திரும்பும். ஃபோகஸ் வளையத்துக்கு மேலே பல்சக்கரம் மாட்ட வேண்டும், மோட்டார் வைத்துத் திருப்புவதற்கு. எல்லா லென்ஸுக்கும் முன்வாய் ஒரே அளவில் இருக்க வேண்டும். இந்த வளையங்களையெல்லாம் அன்புக்கரசி ஆவாரம்பாளையத்து லேத் பட்டறைகளில் கூடவே நின்று கடைந்து வாங்குவாள். பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைகிறவர்கள், இந்தப் பிள்ளை கேட்கிற நுணுக்கத்தைப் பார்த்து முதலில் சிரித்தார்கள், அப்புறம் அவர்களுக்கும் அதில் ஒரு ருசி தட்டிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் பாலுசாமியின் மகன் சுரேந்தர் பீளமேட்டில் கேமரா வாடகைக் கடை திறந்தான். நம்ம ஊர்ப் பிள்ளை ஒன்று லென்ஸ் வேலை செய்கிறதாமே என்று கேள்விப்பட்டுக் கூப்பிட்டுக்கொண்டான். அவனுக்காக அவள் ஒரு வரிசை லென்ஸ் செய்துகொடுத்தாள். ஊர் ஊராகப் பழைய ஸ்டுடியோக்களில் தேடிப் பொறுக்கி, கண்ணாடி கண்ணாடியாக நிறம் பார்த்து, அகலக் காட்சி எடுப்பதிலிருந்து முகத்தைக் கிட்டத்தில் எடுப்பது வரைக்கும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி சேர்த்த வரிசை. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சுரேந்தர் தன் பெயரைப் பொறித்துக்கொண்டான். நானே வடிவமைத்தேன் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். அவள் அதற்குக்கூடக் கோபப்படவில்லை. முதலாளிமார் பெயர் போட்டுக்கொள்வது ஊரில் இல்லாத வழக்கமா என்று விட்டுவிட்டாள். அங்கே கொஞ்சம் சாதுவாகத்தான் இருந்திருக்கிறாள், அது அவள் தப்பு.

கோபம் வந்தது சுரேந்தரின் தங்கை லோகப்பிரியாவின் கல்யாணத்தில். அந்த லென்ஸ்களை வைத்துத் தங்கை கல்யாணத்தைச் சினிமா மாதிரி எடுக்க வேண்டும் என்று அவன்தான் அன்புக்கரசியைக் கூட்டிப்போனான். மணவறையில் சீர் நடந்துகொண்டிருந்தது. அன்புக்கரசி கேமராவைத் தோளில் வைத்து, பெண்ணின் முகத்துக்கு நேரே முழங்காலிட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். உறவுக்காரப் பெரியவர் ஒருவர் பாலுசாமியின் காதில் என்னவோ சொன்னார். பாலுசாமி மகனைப் பார்த்தார். மயில்சாமி மகள் மணவறை மேல் நிற்கிறாள் என்பதுதான் சங்கதி என்று அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது. இருந்தாலும் சுரேந்தர் ஏதாவது சொல்வான் என்று ஒரு நிமிஷம் நம்பினாள். அவன் சிரித்த முகத்தோடு வந்து கேமராவைக் கைநீட்டி வாங்கிக்கொண்டான்.

“லென்ஸ் மேல இருக்கட்டும் அன்பு. நீ கீழ போயி நின்னுக்க.”

அவன் முகத்தில் கூச்சம் இருந்திருந்தால்கூட அவள் மன்னித்திருப்பாள். மருந்துக்குக்கூட இல்லை. நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்வது போலச் சொன்னான். மணவறையில் அவனுடைய அம்மா நஞ்சம்மாள் இருந்தாள், கல்யாணப்பெண் இருந்தாள், எல்லாரும் பார்த்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள் கையால் குண்டெடுத்து, அவள் கையால் வளையம் பூட்டிய லென்ஸ் மேலேயே இருந்தது. கைக்கு மட்டும் அங்கே இடமில்லை. கீழே ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பந்தியில் உட்காராமல் பஸ் ஏறினாள். அடுத்த வாரம் வேலையை விட்டாள்.

அம்மாவிடம் சொன்னபோது பழனியாத்தாள், அவங்க அப்படித்தான், விட்டுத்தொலை என்றாள். அவள் விட்டுத்தொலைக்கவில்லை. கணபதியில் அறை பிடித்துத் தனியாகத் தொழில் வைத்தாள். கல்யாண வீடியோக்காரர்கள் தேடி வந்தார்கள், கைநிறைய வேலை இருந்தது, அம்மா அப்பாவைக் கூட்டிவந்து தன்னோடு வைத்துக்கொண்டாள். வாழ்க்கை நன்றாகத்தான் போயிற்று. இருந்தும் ஒவ்வொரு லென்ஸைத் துடைக்கும்போதும் அந்தச் சிரித்த முகம் ஞாபகத்துக்கு வரும். அந்த முகத்தை ஏதாவது செய்ய வேண்டும் என்று கை பரபரக்கும்.

இப்படிச் சில வருஷம் போனபின் சுரேந்தருக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அவனுக்கு அதில் இன்னொரு கணக்கும் இருந்தது. தன் லென்ஸ் வரிசையைப் போல இன்னும் பல வரிசைகள் செய்து சென்னைப் படக் கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடுவதாக ஏற்பாடு. அதற்கு அறிமுக விழா வைத்து, தன் கல்யாணத்தையே மாதிரிப் படமாகப் பெரிய திரையில் போட்டுக் காட்டப் போகிறானாம். ஆனால் ஒரு தொல்லை. அவள் போன பிறகு அந்த லென்ஸ்களில் ஒருவராலும் ஃபோகஸ் பிடிக்க முடியவில்லை. பழைய கம்பெனி லென்ஸ்கள், சிலது வலப்பக்கம் திருப்பினால் தூரம் போகும், சிலது இடப்பக்கம் திருப்பினால் போகும். வெளிச்ச வளையத்தை முழுக்கத் திறந்து எடுத்தால் இரண்டு விரற்கடை ஆழத்துக்குத்தான் தெளிவு இருக்கும். கை பழகியவள் அவள் ஒருத்திதான். ஆகவே அவளுக்கே போன் செய்தான்.

“பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காத அன்பு. இப்ப நீ மேல ஏறவே வேண்டியதில்ல, ரிமோட் மோட்டார் வாங்கிட்டேன். கீழ நின்னமானைக்கே பண்ணிப்போடலாம்.”

பெரிய உபகாரம் செய்கிற குரல். சாதிக்கும் ரிமோட் வந்துவிட்டது, வேறென்ன. லென்ஸில் மோட்டார், கையில் ஒரு சின்னச் சக்கரம். எங்கே நின்றும் திருப்பலாம், ஒருவருக்கும் தீட்டில்லை. அன்புக்கரசி ஒரு மூச்சு விட்டாள். பிறகு, சரிங்க சார், வந்தர்றேனுங்க என்றாள். போனை வைத்தபோது அவளுக்கு வந்த சந்தோஷம், சொந்தக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தால்கூட வந்திருக்காது.

என்ன செய்யலாம் என்று அவள் நிதானமாக யோசித்தாள். ஆளையே மொத்தமாக மங்கலாகக் கலைத்துவிட்டால் அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவார்கள். லென்ஸில் கைவைப்பது அவளால் முடியாது. அது தன் பிள்ளையின் கையை ஒடிப்பது போல. ஆனால் ஃபோகஸ் அவள் விரலில் இருக்கிறது. சினிமாக்காரர்களுக்கு ஒரே சட்டம்தான்: கண் தெளிவாக இருந்தால் ஆள் தெளிவு, கண் கலைந்தால் ஆளே கலைந்தான். கண்ணுக்கும் காதுக்கும் இடையே எவ்வளவு தூரம்? ஒரு கை அகலம். அந்த ஒரு கை அகலம் அவளுக்குப் போதும்.

முதல்நாள் சாயங்காலம் இணைச்சீர். மாப்பிள்ளைக்குச் சமமாக அவன் தங்கையை உட்கார வைத்துச் செய்கிற சீர், இந்தப் பக்கத்தில் அது இல்லாமல் கல்யாணமே இல்லை. லோகப்பிரியா அண்ணனுக்குப் பக்கத்தில் பட்டுடுத்தி உட்கார்ந்தாள். மேலே கேமராவைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் சுரேந்தர் கடையில் வேலை செய்யும் திருமூர்த்தி. கீழே, அதே போல ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில், கழுத்தில் மானிட்டரைத் தொங்கவிட்டுக்கொண்டு அன்புக்கரசி நின்றாள். கேமரா தங்கைமேல் போனபோது கண்ணிமை ஒவ்வொன்றும் தெரியும்படி வைத்தாள். அண்ணன்மேல் வந்தபோது சக்கரத்தை ஒரு மயிரிழை திருப்பினாள். அவன் காதுமடல் அற்புதமாக வந்தது. அவன் கழுத்து மாலையில் ரோஜா இதழ் விளிம்பு வரைக்கும் அற்புதமாக வந்தது. கண் மட்டும் வரவில்லை.

மறுநாள் முகூர்த்தத்திலும் அதேதான். சடங்கு நடத்திய அருமைக்காரர் தெளிவு. மங்கல வாழ்த்துப் பாடியவர் தெளிவு. மணப்பெண்ணை அவள் மனமாரத் தெளிவாக எடுத்தாள்; அந்தப் பெண் மேல் அவளுக்கு ஒரு கோபமுமில்லை. தாலி கட்டும் நேரம் நாதஸ்வரமும் தவிலும் கொட்டி முழக்க, எல்லாரும் அட்சதை போட எழுந்து நிற்க, அன்புக்கரசி மானிட்டரை விட்டுக் கண்ணெடுக்காமல் நின்றாள். அவன் முன்னால் சாய்ந்தால் காதைப் பின்தொடர்ந்தாள், நிமிர்ந்தால் மாலைக்கு வந்தாள். இவ்வளவு பழுதில்லாமல் அவள் வாழ்நாளில் ஃபோகஸ் பிடித்ததில்லை. ஒரு ஷாட்டிலாவது தவறி அவன் கண்ணில் போய் நின்றுவிடுமோ என்பதுதான் அவளுக்கு அன்றைக்கு இருந்த ஒரே பயம். நிற்கவில்லை.

திருமூர்த்திக்குச் சந்தேகம் தட்டத்தான் செய்தது. படத்தை வெட்டிச் சேர்த்தபோது, மாப்பிள்ளை முகம் கொஞ்சம் மெத்தென்று மங்கலாக இருக்கிறதே என்று சுரேந்தரிடமே சொல்லியிருக்கிறான். சுரேந்தர் அப்போது புது மனைவியோடு ஊட்டியில் இருந்தான். படத்தைப் போனில் அனுப்பச் சொல்லிப் பார்த்தான். உள்ளங்கை அகலத் திரையில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். பழைய லென்ஸென்றால் அந்த மென்மைதான் அதன் அழகு, அதற்குத்தானே காசு கொடுக்கிறார்கள், உனக்கு இன்னும் கண் பழகவில்லை என்று திருமூர்த்தியை அதட்டி, அப்படியே போடச் சொல்லிவிட்டான். இதை அவனாகச் செய்தான். இதற்கு அன்புக்கரசி பொறுப்பில்லை.

அறிமுக விழா அவினாசி ரோட்டில் ஒரு ஹோட்டல் அரங்கத்தில். சென்னையிலிருந்து ஹாரிகா வந்திருந்தாள். கோயமுத்தூர்ப் பெண்தான், இன்றைக்குப் பெரிய படங்களுக்கு ஒளிப்பதிவு செய்கிறவள். அவள் சரியென்று தலையாட்டினால் மற்றவர்களும் ஆட்டுவார்கள் என்று சுரேந்தருக்குத் தெரியும். முன்வரிசையில் பாலுசாமியும் நஞ்சம்மாளும் பட்டும் ஜரிகையுமாக உட்கார்ந்திருந்தார்கள். லென்ஸ்களைத் துடைத்து மேசையில் அடுக்கித் தர ஆள் வேண்டுமென்று அன்புக்கரசியையும் வரச் சொல்லியிருந்தான். அடுக்கி முடித்துக் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.

சுரேந்தர் மேடையேறி, இந்த லென்ஸ் ஒவ்வொன்றையும் தானே இரவு பகலாக உட்கார்ந்து உருவாக்கியதாகப் பேசினான். விளக்கணைத்தார்கள். படம் ஓடியது. இணைச்சீரில் லோகப்பிரியாவின் முகம் சுவர் அகலத்துக்கு வந்தபோது அரங்கத்தில் ஒரு முணுமுணுப்பு, நல்ல முணுமுணுப்பு. ஹாரிகாகூட முன்னால் சாய்ந்தாள். அடுத்து மாப்பிள்ளை வந்தான். திரை முழுக்க ஒரு காது. கம்மல் குத்தின பழைய தழும்புகூடத் தெரிகிற காது. அதை ஒட்டி, ஈரத்துணியால் துடைத்த கோலம் போல ஒரு முகம். அப்புறம் மாலை, மாலைக்கு மேலே அதே கலங்கல். அப்புறம் தாலி; மணப்பெண்ணின் கண்ணில் நீர் திரள்வது தெரிகிறது, கட்டுகிறவன் யாரென்று தெரியவில்லை. ஐந்தாறு ஷாட் போனதும் முணுமுணுப்பு நின்றுவிட்டது. படம் முடிந்து விளக்கு வந்தபோது ஒருவரும் கைதட்ட ஆரம்பிக்கவில்லை.

பேசியது நஞ்சம்மாள்தான். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி பேசினாள்.

“கண்ணு, ஆபரேசன் பண்ணுன கண்ணு மறுக்கா மங்கிப்போச்சாட்ட இருக்குது. உன்ற மூஞ்சியே தெரிய மாட்டீங்குது.” கொஞ்சம் யோசித்துவிட்டுத் தொடர்ந்தாள். “இல்லயே, லோகு தெரிஞ்சாளே. மருமவளும் தெரிஞ்சா. உன்ற காது கூடத் தெரிஞ்சுது சாமி.”

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அன்புக்கரசிக்கு ஒரு நொடி சுருக்கென்றது. கிழவியை அவள் குறிவைக்கவில்லை. மகன் முகத்தைத் தேடுகிற தாயைப் பார்த்தால் யாருக்கும் சுருக்கென்னும். ஆனால் லோகப்பிரியா கல்யாணத்தன்று அவன் இவள் கையிலிருந்து கேமராவை வாங்கியபோது இதே நஞ்சம்மாள் அருகிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததும் நினைவு வந்தது. அன்றைக்கு அந்தக் கண்ணுக்கு எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. சுருக்கென்றது அத்தோடு போய்விட்டது.

ஹாரிகா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

“லென்ஸா, ஆளா, சுரேந்தர்?”

கோயமுத்தூரில் இதைவிடக் குறுகலான சந்து கிடையாது. லென்ஸ் என்றால் கடையை மூட வேண்டியதுதான். ஆள் என்றால், எந்த ஆள் என்று அடுத்த கேள்வி வரும். அந்த ஆள் அதோ கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், எழுந்தாள் என்றால் லென்ஸைச் செய்தது யார் என்று சொல்வாள், இப்போதுதான் மேடையில் நானே செய்தேன் என்று பேசி வாய் மூடியிருக்கிறான். சுரேந்தர் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் கையைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்தாள், கண்ணுக்குக் கண். நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

“ரெண்டும் இல்லீங்க மேடம். நான்தான்… அப்படி எடுக்கச் சொன்னேனுங்க. ஒரு ஸ்டைலுக்கு.”

தன் கல்யாணத்தில் தன் முகமே வேண்டாமென்று சொன்ன ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள் ஹாரிகா. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் கிளம்பியதும் சென்னைக்காரர்கள் மொத்தமும் கிளம்பினார்கள். மேசையில் அடுக்கி வைத்த லென்ஸ்களை ஒருவரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அது மட்டும் அன்புக்கரசிக்கு வலித்தது, அவை அவளுடைய லென்ஸ்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பழனியாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டாள். திட்டப் போகிறாள் என்று பார்த்தால், சிரிப்பை மறைக்கத்தான் பொத்தியிருக்கிறாள். காதா, காதா என்று கேட்டுக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மயில்சாமி மட்டும் நமக்கெதுக்கு வம்பு என்று முனகிக்கொண்டே, அந்தத் தாலி கட்டுன எடத்தை இன்னொருக்காச் சொல்லு என்றார்.

சில நாள் கழித்து சுரேந்தர் போன் செய்தான். குரல் இறங்கியிருந்தது. மறுபடியும் மணவறை ஜோடித்துத் தாலி கட்டுவது போல எடுக்கலாமென்று கேட்டானாம், நஞ்சம்மாள் ஒரேயடியாக மறுத்துவிட்டாளாம். கழுத்தில் ஏறிய தாலியைத் திரும்பக் கட்டுவது ஆகாதாம். இருக்கிற படத்தையே ஏதாவது செய்து தெளிவாக்க முடியுமா, நீ வந்து பார்க்கிறாயா என்றான். அதெல்லாம் முடியாது, எடுத்தது எடுத்ததுதான் என்று பதமாகச் சொன்னாள். அவன் போனை வைக்கவில்லை.

“நீ வேணும்னே பண்ணிருக்கறன்னு தெரியும் அன்பு. நான் உனக்கு அப்படி என்ன பண்ணுனேன்?”

நடிக்கிறானோ என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். நடிக்கவில்லை. நிஜமாகவே அவனுக்கு ஞாபகமில்லை. இத்தனை வருஷமாக அவள் ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நிமிஷம், அவனிடத்தில் தூசளவுகூடத் தங்கவில்லை. ஒரு கணம் சொல்லிவிடலாமா என்று நாக்கு வரை வந்தது. சொன்னால் அவனுக்கு வேலை சுலபமாகிவிடும். ஓ அதுவா என்று ஒரு மன்னிப்பைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவான்.

“யோசிச்சுப் பாருங்க சார். ஞாபகம் வர்ற வரைக்கும் அந்தப் படத்தைப் போட்டுப் போட்டுப் பாருங்க.”